எறையூர் சாதி மோதல் (2008)

எறையூர் சாதி மோதல் என்பது கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்திலுள்ள எறையூரில், ஒரே கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த வன்னியக் கிறித்தவர்களுக்கும் தலித் கிறித்தவர்களுக்கும் இடையே நிகழ்ந்தது. ஊர் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது; பங்கு புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் கீழ் வருவது.

செபமாலை அன்னை ஆலயமே பங்குக் கோயில். அதற்குச் செல்லும் முதன்மைத் தெருவில் தலித் மக்களின் சவ ஊர்வலம் அனுமதிக்கப்படவில்லை, கல்லறையும் தனி. திருமுழுக்கு ஒன்றாயினும் பாடை செல்லும் வழி வேறாகவே இருந்தது. தலித் மக்கள் தங்கள் சகாய அன்னை ஆலயத்தைத் தனிப்பங்காக அறிவிக்கக் கோரினர். 2008 மார்ச் 9 அன்று அவர்களின் குடியிருப்பு தாக்கப்பட்டது. அதையடுத்து நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் இறந்தனர்.

எறையூரில் வெளிப்பட்டது போன்ற பிறப்புவழி வேற்றுமையை மறுக்கும் இறையியல் வாதம் பெரும்பாலும் கலாத்தியர் 3:28-ஐ அடிப்படையாகக் கொள்கிறது. கல்கத்தா ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இலேயே தென்னிந்தியச் சபைகளில் சாதியைக் கைவிடப் பணித்தார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் தலித் மேம்பாட்டுக் கொள்கை 2016-இல்தான் வெளியானது. ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 2002-இல் சாதியை வம்சாவளிப் பாகுபாடாக வகைப்படுத்தியது. பட்டியல் சாதிகளை வரையறுக்கும் 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி தலித் கிறித்தவர்கள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை.