ஆறிப்போன கிரேவியின் வரலாறு

கொஞ்சம் நீளமான இழை மக்களே. டீ எடுத்துக்கிட்டு வாங்க.

என்கூட எம்பிபிஎஸ் படித்த நண்பன் இப்போ டெக்சாஸில் இருக்கிறான். தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு ஒரு போட்டோ அனுப்பினான். புகையில் ஏழு மணி நேரம் வாட்டிய முழு வான்கோழி. அடியில் ஒரு தட்டு. அது நிறைய, கறியிலிருந்து சொட்டிய கொழுப்பும் சாறும். "மச்சான், இதுல நிறைய கிரேவி வெச்சு நாளைக்கும் சாப்பிடலாமா டா?"

கேள்வி சின்னதுதான். ஆனா மருத்துவம் இதற்கு ஒழுங்கா பதில் சொல்ல அரை நூற்றாண்டு ஆச்சு.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கறியைக் கம்பியில் கோத்து நெருப்புக்கு முன்னால் சுற்றவிட்டு வாட்டுவார்கள். சொட்டுவதைப் பிடிக்க அடியில் தட்டு. அந்தக் கொழுப்பில் மாவை வறுத்து, சாறை ஊற்றிக் கொதிக்கவிட்டால் கிரேவி. அமெரிக்காவில் குடியேறியவர்கள் இந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். செய்த சூட்டோடு அந்த வேளையே தீர்ந்துவிடும். பிரச்சினை இல்லை.

இப்போ கிருமி பக்கம் வருவோம்.

1891, பால்டிமோர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் வெல்ச் ஒரு சடலத்தைப் பரிசோதிக்கும்போது ரத்தக்குழாய்களுக்குள் வாயுக் குமிழ்களைப் பார்த்தார். அதற்குக் காரணமான பாக்டீரியாவை அவரும் ஜார்ஜ் நட்டாலும் பிரித்தெடுத்தார்கள். இன்று அதன் பெயர் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். முதல் உலகப்போரில் சேறு பட்ட காயங்கள் அழுகி, சிப்பாய்கள் கை கால் இழந்தார்களே, அந்த கேஸ் காங்க்ரீனின் முக்கியக் குற்றவாளி இதுதான். இப்படிப்பட்ட ஒன்று குழம்புச் சட்டியில் உட்கார்ந்திருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

ஒருத்தர் நினைத்தார். 1895இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனை வார்டுகளில் நோயாளிகளுக்குக் கும்பலாக வயிற்றுப்போக்கு. இமானுவேல் க்ளைன் இந்த வகைக் கிருமியைத்தான் சந்தேகித்தார். பெரிதாக யாரும் பிடித்துக்கொள்ளவில்லை.

1943, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரம். போர்க்காலம். பள்ளிச் சாப்பாடு வேகமாகப் பெருகிய நேரம். சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. நாக்ஸ், மெக்டொனால்ட் என்ற இருவர் தேடிப்போய்ப் பார்த்தால், முந்தின நாளே வைத்த கிரேவி. அதில் இந்தக் கிருமி ஏகத்துக்கும் இருந்தது. 1945இல் அமெரிக்காவில் மெக்லங், முதல் நாள் வேகவைத்து மெதுவாக ஆறவிட்ட கோழியில் இதையே கண்டார். 1953இல் பெட்டி ஹாப்ஸும் அவருடைய குழுவும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது.

ஏன் இவ்வளவு தாமதம்? "கொதிச்சதுல என்ன கிருமி இருக்கப்போகுது" என்ற நம்பிக்கைதான். நானும் காலேஜ் போகும்வரை அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன்.

இந்தக் கிருமி வித்தாக மாறி ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். கொதிக்கவைத்தால் மற்ற கிருமிகள் சாகும், வித்து தப்பிக்கும். அதோடு அந்தச் சூடே அதை எழுப்பியும் விடும். கொதி வந்ததில் கிரேவியில் கரைந்திருந்த ஆக்சிஜனும் போய்விடுகிறது. மேலே கொழுப்பு ஆடை மூடிக்கொள்கிறது. ஆக்சிஜன் பிடிக்காத கிருமிக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்குமா? பெரிய சட்டியில் கெட்டிக் கிரேவி ஆற மணிக்கணக்காகும். 45 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இது சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதே வேகம் நீடித்தால் ஒரு கிருமி மூணு மணி நேரத்தில் 2,62,144.

இன்னொரு காரணமும் உண்டு. சாப்பிட்டு 8 முதல் 16 மணி நேரம் கழித்துத்தான் வயிற்றைப் பிசையும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. மறுநாள் சரியாகிவிடும். யார் ஆஸ்பத்திரிக்கு வரப்போறாங்க?

எல்லாருக்கும் சரியாவதில்லை. 2010 மே மாதம் லூசியானாவில் ஓர் அரசு மனநல மருத்துவமனை. சுமார் 24 மணி நேரம் முன்பே சமைத்து, சரியாகக் குளிரவைக்காத கோழிக்கறி. 42 நோயாளிகள், 12 ஊழியர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மூன்று நோயாளிகள் இறந்தார்கள், அவர்களில் இருவர் குடல் அழுகி. மனநோய் மருந்துகள் சிலவற்றால் மலச்சிக்கல் வரும். குடல் அசைவு மந்தமாகி, நச்சு வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். ஊழியர்கள் பிழைத்தார்கள். இந்த அறிக்கையைப் படித்த பிறகு எங்கள் வார்டு சாப்பாட்டு வண்டி வரும்போதெல்லாம் மூடியைத் திறந்து ஆவி பறக்குதான்னு பார்ப்பேன். சிரிப்பார்கள். பரவாயில்லை.

நண்பனுக்குச் சொன்னது இதுதான். சாறை வடிகட்டி, கொழுப்பைத் தனியா எடு. புகையில் வாட்டியதால் உப்பும் கசப்பும் தூக்கலா இருக்கும், உப்பில்லாத கோழி சூப் சேர். இன்னிக்குத் தேவையானதைச் சூடா சாப்பிடுங்க. மிச்சத்தை அடுப்பங்கரை மேடையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதே. அகலமான பாத்திரங்களில் மெல்லிசா ஊற்றி, ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வை. நாளைக்கு வெதுவெதுப்பா இல்லை, தளதளன்னு கொதிக்கணும்.

ராத்திரி ஒரு போட்டோ வந்தது. ஃப்ரீசரில் நாலு ஐஸ் கட்டி ட்ரே, எல்லாத்திலும் பழுப்பு நிறக் கிரேவி. கீழே ஒரு வரி: "பொண்டாட்டி திட்டுறா டா."