பிள்ளைப்பலியும் எபிரேயத் தீர்க்கதரிசிகளும்

பண்டைய எருசலேம் நகரின் மேற்கும் தெற்கும் சூழ்ந்து கிடக்கும் பள்ளத்தாக்கு இன்னோம் எனப்படும். இதன் எபிரேயப் பெயராகிய ‘கே இன்னோம்’ என்பதே கிரேக்கத்திற் ‘கெயென்னா’ எனத் திரிந்து, பிற்காலத்தில் நரகத்தைக் குறிக்குஞ் சொல்லாயிற்று. ஊர்ப்புறத்து நிலமொன்று மறுமைத் தண்டனையின் களமாக மாறுவதற்கு, அங்குள்ள தோப்பேத்து என்னுமிடத்தில் யூதா நாட்டவர் தம் பிள்ளைகளை நெருப்பிலிட்டுப் பலிகொடுத்தனர் என்ற நினைவு அடிப்படையாயிற்று. விவிலியம் இவ்வழக்கத்தைப் பெரும்பாலும் அந்நிய தெய்வ வழிபாட்டின் விளைவாகவே காட்டுகின்றது. ஆயின், விவிலியச் சான்றுகளை ஒருங்குவைத்து ஆராயுமிடத்து, இக்கண்டனம் புறத்தாரை நோக்கி மட்டும் எழுந்ததாகத் தோன்றவில்லை. தமது கடவுளின் பெயராலேயே நிகழ்ந்த கொடுமையொன்றைக் குறித்து ஒரு சமயத்தாருள் எழுந்த விவாதத்தின் குரலை இங்கு நாம் கேட்கின்றோம்.

சட்ட நூல்களின் நிலைப்பாடு தெளிவானது. பிள்ளைகளை மோளேகுக்குக் கொடுத்தலை லேவியராகமத்தின் 18ஆம் அதிகாரம் விலக்குகின்றது. 20ஆம் அதிகாரம் அதற்குக் கல்லெறிந்து கொல்லுந் தண்டனையை விதிக்கின்றது. குற்றவாளியைக் கண்டுங் காணாதார்போல் இருக்கும் ஊராரையும் அவ்வதிகாரம் எச்சரிக்கின்றது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அயலார் கண்ணை மூடிக்கொள்வர் என்று சட்டம் இயற்றியோர் எதிர்பார்த்தனரெனின், அவ்வழக்கம் சமூகத்தில் ஓரளவேனும் ஏற்புப் பெற்றிருந்தது எனக் கொள்ளலாம். அரசரும் இதற்கு விலக்கல்லர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஆகாசும், அடுத்த நூற்றாண்டில் ஆண்ட மனாசேயும் தம் மைந்தரை நெருப்பைக் கடக்கச் செய்தனர் என இராஜாக்களின் இரண்டாம் நூல் குற்றஞ்சாட்டுகின்றது.

இத்தகைய பலிகள் பெரும் நெருக்கடிகளோடு தொடர்புற்றிருந்தன. அதே நூலின் 3ஆம் அதிகாரம், கி.மு. 9ஆம் நூற்றாண்டில் முற்றுகைக்குள்ளான மோவாபிய மன்னன் மேசா, தனக்குப்பின் அரசாளவேண்டிய மூத்த மகனை மதில்மேற் பலியிட்டதாகக் கூறுகின்றது. அதன்பின் இஸ்ரவேலர்மீது கடுஞ்சினம் மூண்டது என்றும் அவர்கள் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினர் என்றும் நூலாசிரியர் எழுதுகின்றார். அப்பலி பயனற்றது என அவர் கூறவில்லை. உயர்ந்த பொருளைக் கொடுத்தால் தெய்வம் இரங்கும் என்ற நம்பிக்கை எல்லையின் இருபுறத்தும் நிலவியமையை இக்குறிப்பு உணர்த்துகின்றது.

இப்பின்னணியிலேயே எரேமியாவின் கூற்றுக்களை நோக்குதல் வேண்டும். 7, 19, 32 ஆகிய மூன்று அதிகாரங்களில் அவர் இப்பலியைக் கண்டிக்கின்றார். ஓரிடத்திற் பாகாலின் பெயரும் மற்றோரிடத்தில் மோளேகின் பெயரும் வருகின்றன. 7ஆம் அதிகாரத்திலோ வேற்றுத் தெய்வம் எதுவும் இப்பலிக்குரியதாகச் சுட்டப்படவில்லை. மூன்றிடத்தும் மாறாது வருவது, கடவுள் இதனைக் கட்டளையிடவுமில்லை, மனத்தில் நினைக்கவுமில்லை என்ற மறுப்பாகும். பலியிட்டோர் தாம் வேற்றுத் தெய்வத்தையே வழிபடுவதாக எண்ணியிருப்பின், யாவே இதனைக் கட்டளையிடவில்லை என மீண்டும் மீண்டும் வற்புறுத்தவேண்டிய தேவை யாது? அவரே கட்டளையிட்டார் என நம்பியோர் இருந்தமையாலேயே இம்மறுப்பு வேண்டப்பட்டது எனலாம்.

அந்நம்பிக்கைக்கு இடந்தரும் பகுதிகளும் விவிலியத்திலேயே உள. யாத்திராகமத்தின் 22ஆம் அதிகாரம் தலைமகனைக் கடவுளுக்குக் கொடுக்குமாறு கூறுமிடத்து மீட்புப் பற்றி யாதும் குறிப்பிடவில்லை. அந்நூலின் 34ஆம் அதிகாரமோ தலைமகனை மீட்டுக்கொள்ளவேண்டும் எனத் தெளிவுபடுத்துகின்றது. கி.மு. 6ஆம் நூற்றாண்டிற் பாபிலோனியச் சிறையிருப்பில் வாழ்ந்த எசேக்கியேல் இதனினும் துணிந்து பேசுகின்றார். நன்மையற்ற சட்டங்களைக் கடவுளே தண்டனையாக அளித்தார் எனத் தமது 20ஆம் அதிகாரத்தில் கூறும் அவர், பிள்ளைகளைப் பலியிட்ட அன்றே அம்மக்கள் ஆலயத்திற்கும் வந்தனர் என 23ஆம் அதிகாரத்திற் சாடுகின்றார். மீகாவின் 6ஆம் அதிகாரத்தில், பாவத்திற்கு ஈடாகத் தலைமகனைத் தரவேண்டுமோ என வினவும் வழிபாட்டாளன் யாவேயின் முன்னிலையிலேயே நிற்கின்றான். நீதியும் இரக்கமும் தாழ்மையுமே வேண்டப்படுவன என்பது அவனுக்குக் கிடைக்கும் விடையாகும்.

‘மோளேகு’ என்பது தெய்வத்தின் பெயரா என்பதும் விவாதத்திற்குரியதே. 1935இல் ஜேர்மானிய அறிஞர் ஒட்டோ ஐஸ்பெல்ட், பியூனிக் கல்வெட்டுச் சொற்களை ஆதாரமாகக் கொண்டு, அது ஒருவகைப் பலியின் பெயர் என வாதிட்டார். 1985இல் ஜோர்ஜ் ஹைடரும் 1989இல் ஜோன் டேயும் அது தெய்வப் பெயரே என நிறுவ முயன்றனர். பினீசியர் குடியேற்றமாகிய கார்த்தேஜில் 1921இல் வெளிப்பட்ட புனிதக் களம் இவ்வாராய்ச்சிக்குப் புதிய வலுவளித்தது. அங்குள்ள தாழிகளிற் குழந்தைகளின் எரிந்த எலும்புகளும், சிலவற்றில் ஆட்டுக்குட்டிகளின் எலும்புகளும் காணப்பட்டன. இயற்கையாக இறந்த குழந்தைகளின் ஈமக்களமே இது என 2010இல் ஓர் ஆய்வுக் குழுவினர் கருத, பிறர் அதனை மறுத்தனர். நேர்த்திக்கடன் நிறைவேறியமையைக் குறிக்கும் கல்வெட்டுக்கள் பலி எனும் கருத்துக்கு அரணாகின்றன. இன்னோம் பள்ளத்தாக்கிலோ இத்தகைய களம் இதுவரை கண்டறியப்படவில்லை. ஆகையால் யூதாவைப் பொறுத்தவரை எதிர்ப்பாளரின் எழுத்துக்களே நமக்குரிய முதன்மைச் சான்றுகளாகும்.

கி.மு. 622 அளவில் யோசியா மன்னன் மேற்கொண்ட சீர்திருத்தம் இவ்வெதிர்ப்பின் அரசியல் வெற்றியாகும். அசீரியப் பேரரசு தளர்வுற்ற வேளையில், வழிபாட்டை எருசலேம் ஆலயத்திற் குவித்த அவன், மேடைக் கோயில்களை இடித்தான், விக்கிரகங்களை எரித்தான், தோப்பேத்தையும் தீட்டுப்படுத்தினான். இதனால் உருவ வழிபாடும் பிள்ளைப்பலியும் ஒரே குற்றத்தின் இரு கூறுகளாயின. கானானியரின் விக்கிரகங்களுக்கே பிள்ளைகள் பலியாயினர் என்று 106ஆம் சங்கீதம் பாடும்போது அவ்விணைப்பு நிறைவுறுகின்றது. தன் முன்னோர் செய்ததை அந்நியரிடமிருந்து தொற்றிய நோயாகச் சமூகம் நினைவுகூரத் தொடங்கியது. அவ்வழக்கத்தை வேரறுக்க இந்நினைவு பெரிதும் உதவியிருத்தல் வேண்டும். ஆயினும் வரலாற்றுண்மையின் ஒரு பகுதி அதனால் மறைவுற்றது.

மேற்கூறியவற்றால், விக்கிரகம் என்பதற்குத் தீர்க்கதரிசிகள் தந்த பொருள் கல்லையும் மரத்தையுங் கடந்தது என்பது பெறப்படும். பிள்ளையின் உயிரை வேண்டிநிற்பதாகக் கடவுளைக் கற்பித்துக்கொள்வதும், அவர்தம் நோக்கில், பொய்த் தெய்வமொன்றை உருவாக்குவதேயாகும். பகைவரின் சமயத்தைப் பழித்தல் எளிது. சொந்த மக்கள் புனிதமெனப் போற்றிய ஒன்றை அக்கடவுளின் பெயராலேயே மறுத்துரைத்தல் அரிது. எரேமியா முதலியோரின் குரலுக்குச் சமய வரலாற்றிலுள்ள தனியிடம் இவ்வருமையினாலேயே அமைந்தது.