படுத்ததும் உடம்பு தூக்கிவாரிப் போடுதா? எது சாதாரணம், எது ஆபத்து? முழு விளக்கம்

நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வீட்டுக்கு வந்து படுக்கிறீர்கள். கண் சொக்கும் நேரத்தில் கால் வெடுக்கென உதறுகிறது. படியில் கால் தவறியது போல உடம்பே தூக்கிவாரிப் போடுகிறது. நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்தால், போன தூக்கம் திரும்ப வருவதில்லை.

திண்டுக்கல், வேடசந்தூர் சுற்றுவட்டார நூற்பாலைகளில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதில் வரக்கூடியது. ‘வலிப்பா? ஹார்ட்டில் கோளாறா?’ என்ற பயமும் கூடவே வரும். பெரும்பாலும் இரண்டுமே இல்லை.

இது என்ன?

இதன் பெயர் ‘ஹிப்னிக் ஜெர்க்’. விழிப்பிலிருந்து தூக்கத்துக்கு மாறும் நேரத்தில் தசைகள் திடீரெனச் சுருங்குவதுதான் இது. 10 பேரில் 7 பேர் வரை வாழ்நாளில் ஒருமுறையாவது இதை உணர்ந்திருப்பார்கள். இதனால் மூளைக்கோ இதயத்துக்கோ பாதிப்பு இல்லை.

ஏன் அதிகமாகிறது?

தூக்கக் குறைவு, மன உளைச்சல், அதிக உடல் களைப்பு, டீ, காபி, புகையிலை ஆகியவை முக்கியக் காரணங்கள். குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அதிகாலை 4 மணிக்குக் குடித்த டீ, காலை 9 மணிக்குப் படுக்கும்போதும் உள்ளே வேலை செய்கிறது.

இன்னொரு காரணம், பயம். ‘இன்றைக்கும் வருமோ’ என்று காத்துக்கொண்டே படுத்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் உதறல் கூடும்.

எல்லா உதறலும் ஒன்றல்ல

* படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கிறது, ஆட்டினால்தான் நிம்மதி என்றால் அது ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்’ பிரச்னையாக இருக்கலாம். இதற்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு முக்கியக் காரணம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை உள்ளது. டாக்டரிடம் ‘ஃபெரிட்டின்’ ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

* தூங்கிய பிறகு சில விநாடிகளுக்கு ஒருமுறை கால் சீராக இழுத்துக்கொண்டே இருந்தால், அதை முதலில் கவனிப்பது பக்கத்தில் படுப்பவர்தான். பலத்த குறட்டையும், மூச்சு நின்று வருவதும் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

* மல்லாந்து படுத்தால் மட்டும் வயிறும் முதுகும் மடங்குவது போல வெட்டி இழுக்கிறது, எழுந்தால் நின்றுவிடுகிறது என்றால் நரம்பியல் டாக்டர் பார்க்க வேண்டும்.

* டீன் ஏஜ் பிள்ளைகள் காலையில் எழுந்ததும் கை உதறி டம்ளரைக் கீழே போடுகிறார்களா? கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். ஒருவகை வலிப்பு நோய் இப்படித்தான் தொடங்கும். மாத்திரையால் நன்றாகக் கட்டுப்படுத்தலாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

உதறலின்போது நினைவு தப்புவது, நாக்கைக் கடிப்பது, படுக்கையில் சிறுநீர் போவது, ஒரு கை கால் மட்டும் பலவீனமாவது ஆகியவற்றை அலட்சியம் செய்யக்கூடாது. சிறுநீரக, கல்லீரல் நோயாளிகளுக்கு உதறலோடு குழப்பமான பேச்சும் இருந்தால் அவசரம். புதிய மாத்திரை தொடங்கிய பிறகு உதறல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வலிப்பு வந்தவர் கையில் சாவி கொடுப்பது இன்னும் நம் ஊர்களில் நடக்கிறது. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் சாவியானாலும் வலிப்பு அதனால் நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

டாக்டரிடம் என்ன காட்டணும்?

டாக்டர் முன்னால் உதறல் வராது. அதனால் வீட்டில் ஒருவரை செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எந்த நேரம், எப்படிப் படுத்திருந்தபோது, எத்தனை முறை என்று 2 வாரம் எழுதி வையுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் தேவை. முதலில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் காட்டலாம். தேவைப்பட்டால், சுமார் 60 கி.மீ. தொலைவிலுள்ள மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு உள்ளது.

எல்லா டெஸ்டும் நார்மல், ஆனாலும் நிற்கலையா?

பலரும் சோர்ந்துபோவது இங்கேதான். ஸ்கேனும் இ.இ.ஜி-யும் நார்மல் என்றால் ‘நடிக்கிறார்’ என்று அர்த்தமில்லை. ஆபத்தான நோய்க்கான அறிகுறி அந்தப் பரிசோதனைகளில் தெரியவில்லை என்பதே அதன் பொருள். உதறல் உண்மைதான். அதோடு வாழவும், அதைக் குறைக்கவும் வழி உண்டு.

* படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே டீ, காபியை நிறுத்துங்கள்.

* பகலில் தூங்குபவர்கள் ஜன்னலை இருட்டாக்கி, தினமும் ஒரே நேரத்தில் படுங்கள். இந்த ஏற்பாட்டுக்கு வீட்டாரின் ஒத்துழைப்பு வேண்டும்.

* கடுமையான உடற்பயிற்சியை படுக்கப் போகும் நேரத்தில் செய்யாதீர்கள்.

* தூக்கிவாரிப் போட்டால் பதறி எழ வேண்டாம். ‘இது அதுதான், போய்விடும்’ என்று மூச்சை மெதுவாக விடுங்கள். 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து, கண் சொக்கியதும் மீண்டும் படுங்கள்.

* தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பழக்கமாகிவிடும்.

பயம் குறைந்தால் தூக்கம் கூடும். தூக்கம் கூடினால் பெரும்பாலோருக்கு உதறலும் தானாகக் குறையும்.