உறவின் பொறுப்பும் ஊரின் பொறுப்பும்: ஜப்பானிய நிலநடுக்கங்கள் விட்டுச்சென்ற குழந்தைகள்

ஜப்பானின் நடுப்பகுதியில் மினோ, ஒவாரி என்னும் இரு பழைய ஆட்சிப் பகுதிகளை உள்ளடக்கிய சமவெளிக்கு நோபி என்று பெயர்; இன்றைய கிஃபு, ஐச்சி மாவட்டங்களில் அது பரந்து கிடக்கிறது. 1891 அக்டோபர் 28 அன்று காலை ஆறரை மணியளவில் அச்சமவெளியைக் குலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு 8.0 என மதிப்பிடப்படுகிறது. கடலடியில் அல்லாமல் உள்நிலத்தில் தோன்றி அந்நாட்டில் பதிவானவற்றுள் அதைவிடப் பெரியது வேறில்லை. 7,273 பேர் மாண்டனர். 1,40,000க்கும் மேற்பட்ட வீடுகள் முற்றாக இடிந்தன. மிடோரி என்ற சிற்றூரில் நிலம் பிளந்து இரு பக்கங்களும் ஆறு மீட்டர் அளவுக்கு ஏற்றத்தாழ்வாக நின்றதைக் கண்ட நிலவியலாளர் கொத்தோ புஞ்சிரோ, நடுக்கத்தின் விளைவாகப் பிளவு தோன்றவில்லை, பிளவே நடுக்கத்தின் காரணம் என்று வாதிட்டார். அதனால் உலக நிலவியல் வரலாற்றில் நோபிக்கு நிலையான இடம் கிடைத்தது. பெற்றோரை இழந்த குழந்தைகளை யார் வளர்ப்பது, எவர் பணத்தில், எவ்வளவு காலம் என்னும் கேள்விகளுக்கு ஜப்பானியத் தனியார் அறப்பணி விடை தேடத் தொடங்கிய காலத்தின் முக்கியமான திருப்பங்களுள் ஒன்றும் அதே நடுக்கத்தோடு தொடர்புடையது என்பதை நிலவியல் நூல்கள் சொல்வதில்லை.

அரசு அன்று இக்கேள்விகளிலிருந்து பெரும்பாலும் விலகியே நின்றது. 1874இல் மெய்ஜி அரசு பிறப்பித்த ஜுக்கியூ கிசொகு, அதாவது ஏழைகளுக்கான உதவி விதிகள், வறியோரைத் தாங்குவது மக்கள் ஒருவர்மீது ஒருவர் கொள்ளும் பரிவின் கடமை என்று முதலிலேயே அறிவித்துவிட்டு, எவ்வகையிலும் ஆதரிப்பார் இல்லாதவர்களுக்கு மட்டும் அரசின் கையை நீட்டியது. அத்தகைய நிலையிலிருந்த 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆண்டொன்றுக்கு ஏழு 'தோ' அரிசியின் விலை வழங்கப்படும். ஒரு தோ ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளளவு, பத்து தோ ஒருவருக்கு ஓராண்டு உணவு என்பது பழைய கணக்கு. தொகை சிறியது என்பதைவிட அதைப் பெறுவதற்கான நிபந்தனை கடுமையானது என்பதே இங்கு கவனிக்கத் தக்கது. சிற்றப்பனோ அத்தையோ எங்கேனும் உயிரோடு இருந்தால், அவர்களுக்கே சோற்றுக்கு வழியில்லாவிட்டாலும், குழந்தை 'ஆதரவற்றது' என்ற வரையறைக்குள் வருவது அரிதாயிற்று. உறவு இருப்பதே உதவியை மறுப்பதற்குக் காரணமாகிவிட்ட இந்த ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்து, 1929இல் இயற்றப்பட்ட உதவிச் சட்டம் 1932இல் நடைமுறைக்கு வந்த பிறகே மறைந்தது.

இவ்விடைவெளியில் புகுந்தவர்கள் இருவர். இருவருக்கும் குடும்பப் பெயர் இஷீ. உறவு எதுவும் இல்லை. இருவரும் கிறித்தவத்தைத் தழுவியவர்கள். மூத்தவரான இஷீ ஜூஜி ஒகயாமாவில் மருத்துவம் பயின்றவர். 1887இல் யாத்திரையாக அலைந்த ஏழைத்தாய் ஒருத்தியின் மகனைத் தம்மிடம் வைத்துக்கொண்டதிலிருந்து அவருடைய அநாதை இல்லம் வளர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் மருத்துவ நூல்களைத் தீயிலிட்டு, அத்தொழிலுக்குத் திரும்பும் வழியைத் தாமே அடைத்துக்கொண்டார். நோபி நடுக்கச் செய்தி எட்டியதும் அவர் நகோயாவில் தனி இல்லம் ஒன்றைத் திறந்தார். அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகள் பின்னர் ஒகயாமாவுக்கே கொண்டுவரப்பட்டனர்.

இளையவரான இஷீ ரியோயிச்சி தோக்கியோவில் மகளிர் பள்ளி ஆசிரியர். இடிபாடுகளுக்கிடையே தனித்து நின்ற சிறுமிகளைத் தரகர்கள் விலைபேசிக் கொண்டுபோகிறார்கள் என்ற செய்தியே அவரைக் கிஃபுவுக்கு விரட்டியது. மனிதரை விற்பது 1872இலேயே சட்டப்படி தடை செய்யப்பட்டிருந்தும், முன்பணம் கொடுத்து உழைப்பொப்பந்தம் எழுதிக்கொள்ளும் முறையால் பரத்தையர் விடுதிகள் அத்தடையை எளிதில் தாண்டிக்கொண்டிருந்தன. பெற்றோர் இல்லாத சிறுமியின் பேரில் கையொப்பமிட யாரேனும் ஒருவர் கிடைத்தால் போதும். ரியோயிச்சி இருபது பேர் அளவிலான சிறுமிகளைத் தோக்கியோவுக்கு அழைத்து வந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களுக்கென்று ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். அது வெறும் உறைவிடமாக அல்லாமல் பள்ளியாக அமைந்ததில் ஒரு கணக்கு உண்டு: எழுத்தும் தொழிலும் தெரிந்த பெண்ணைத் தரகன் நெருங்குவது கடினம்.

அவர் எதிர்பாராதது ஒன்று அங்கே நிகழ்ந்தது. அச்சிறுமிகளுள் ஒருத்தி அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவளாக இருந்தாள். அவளுக்குக் கற்பிக்கும் வழி ஜப்பானில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. 1896இல் ரியோயிச்சி அமெரிக்கா சென்று அத்தகைய குழந்தைகளுக்கான நிலையங்களைப் பார்த்து, இத்துறையின் முன்னோடியான எடுவார் செகான் வகுத்த முறையைக் கற்றுத் திரும்பினார். மறு ஆண்டு, தோக்கியோவின் வடக்கே தாம் குடியேறியிருந்த ஊரின் பெயரால் நிலையத்தைத் தகினோகவா கல்விக்கூடம் என்று மாற்றியமைத்தார். அறிவுத்திறன் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கென ஜப்பானில் தோன்றிய முதல் நிலையம் அது. 1920இல் தீ விபத்தில் ஆறு குழந்தைகள் இறந்தபோது மூடிவிடவே அவர் எண்ணினார். நாடெங்குமிருந்து வந்த ஆதரவும், தொழிலதிபர் ஷிபுசவா எயிச்சி தலைமைப் பொறுப்பை ஏற்றதும் அதைக் காப்பாற்றின. 1937இல் ரியோயிச்சி இறந்த பின் மனைவி ஃபுதெகோ தலைமையேற்று 1944இல் தாம் இறக்கும்வரை நடத்திய அந்நிலையம், தோக்கியோவின் மேற்கிலுள்ள குனிதாச்சியில் இன்றும் இயங்குகிறது. நோபியின் சிறுமிகள் வளர்ந்து வெளியேறிய பின்பும் அவர்களுக்காக எழுந்த நிறுவனம் தன் வேலையைக் கண்டுகொண்டது. நிலநடுக்க அறப்பணியின் நீண்ட பயன் பல நேரங்களில் நடுக்கத்தோடு தொடர்பில்லாத இடத்தில் விளைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

ஜூஜியின் இல்லத்துக்கு வேறு கதி நேர்ந்தது. பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லரை அவர் வழிகாட்டியாகக் கொண்டிருந்தார். மனிதரிடம் கேளாமல் இறைவனிடம் மட்டுமே கேட்பது முல்லரின் கொள்கை. ஆனால் குழந்தைகள் பெருகப் பெருக அக்கொள்கை தாங்கவில்லை. இல்லத்துச் சிறுவர்களைக் கொண்டே இசைக்குழு ஒன்றை அமைத்து, ஒளிப்படத் திரைக்காட்சியோடு ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டும் வழக்கம் வந்தது. அது நிறையப் பணம் ஈட்டியது; ஆயினும் தன் துயரத்தைத் தானே மேடையில் இசைத்துக் காட்ட வேண்டிய நிலைக்குக் குழந்தையைத் தள்ளியதும் அதுவே. வடகிழக்குப் பகுதியின் பஞ்சத்தால் 1906இல் 1,200 பேர் வரை தங்கிய அவ்வில்லம், ஜூஜி 1914இல் இறந்த பின் நூற்பாலை முதலாளி ஒஹரா மகொசபுரோவின் ஆதரவில் சில ஆண்டுகள் நடந்து, 1926இல் மூடப்பட்டது.

1923 செப்டம்பர் 1 அன்று தோக்கியோவையும் யொகொஹாமாவையும் அழித்த கான்தோ நடுக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் விட்டுச்சென்ற குழந்தைகளை ஏற்கெனவே இருந்த இல்லங்களும் உறவுக் குடும்பங்களும் பங்கிட்டுக்கொண்டன. அதன்பின் போர் அனைத்தையும் விழுங்கியது. 1948இல் அரசு எடுத்த கணக்கில் பெற்றோர் அற்ற குழந்தைகள் 1,23,511 பேர். அதற்கு முந்தைய ஆண்டு இயற்றப்பட்ட குழந்தைகள் நலச் சட்டத்தால் இல்லம் நடத்தும் பொறுப்பு பொதுப்பணத்தின்மேல் ஏறியது. தனியார் அறத்துக்கு இனி என்ன வேலை என்ற கேள்விக்குச் சிறிது காலம் விடையில்லை.

விடை வந்தது நடுக்கத்திலிருந்து அன்று, சாலையிலிருந்து. 1960களில் ஜப்பானில் கார்கள் பெருகின. விபத்தில் இறப்போர் தொகை 1970இல் 16,765 என்ற உச்சத்தைத் தொட்டது. கார் மோதித் தாயை இழந்த தமாய் யொஷியொமியும், அக்காளை அவ்வாறே இழந்த ஒகஜிமா நொபுஜியும் 1967இல் கைகோத்து, விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். 1969இல் அது உயர்நிலைக் கல்விக்கு வட்டியில்லாக் கடன் தரும் நிதியமாக உருக்கொண்டது. இப்பிள்ளைகளில் பலருக்குத் தாய் இருந்தாள், வீடு இருந்தது, இல்லாமற்போனது சம்பாதித்த தந்தையின் வருவாய். ஆகவே இல்லத்தில் சேர்ப்பதன்று, வீட்டிலேயே இருந்து படிக்க வைப்பதுதான் உதவி என்று ஆயிற்று. இரு பெற்றோரையும் இழந்தவர் மட்டுமே அநாதை என்ற பழைய எல்லை இவ்வாறு ஓசையின்றி நகர்ந்தது. 1979இல் பெயர் தெரிவிக்காத கொடையாளர்கள் மாதந்தோறும் பணம் அனுப்பும் முறை வந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஜீன் வெப்ஸ்டரின் 1912ஆம் ஆண்டு நாவலில் நெட்டைக்காலரான ஒரு செல்வர் தம்மை வெளிப்படுத்தாமல் அநாதைப் பெண் ஒருத்தியைப் படிக்க வைப்பார். அவரை நினைத்து இக்கொடையாளர்களுக்கு அஷினாகா, அதாவது நெடுங்கால், என்ற பெயர் வழங்கியது. நோயாலும் பேரிடராலும் பெற்றோரை இழந்தவர்களையும் சேர்த்து 1993இல் உருவான அமைப்பு அப்பெயரையே ஏற்றது. ஒகயாமா இசைக்குழுவோடு ஒப்பிட்டால், குழந்தையின் முகத்தைக் கொடையாளரும் கொடையாளரின் முகத்தைக் குழந்தையும் அறியாத இந்த ஏற்பாடு பெரிய முன்னேற்றம். எனினும் உதவி பெறும் கல்லூரி மாணவர்களே வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ரயில் நிலைய வாசல்களில் உண்டியலோடு நின்றார்கள் என்பதால் பழைய மேடை முற்றாக மறைந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. வேறுபாடு, நிற்பவர் வயது வந்தவர், பிறருக்காகவும் கேட்கிறவர் என்பதே.

அவ்வமைப்பு இரண்டு வயதுகூட நிரம்பாதிருக்கையில், 1995 ஜனவரி 17 அன்று விடியுமுன் 5.46 மணிக்குக் கோபே நகரம் சரிந்தது. 6,434 பேர் மாண்டனர். பெற்றோரை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்ற தனிக் கணக்கு எந்த அலுவலகத்திலும் உடனே கிடைக்கவில்லை. நாளேடுகள் வெளியிட்ட இறந்தோர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாணவத் தொண்டர்கள் இடிபாடுகளிலும் புகலிடங்களிலும் வீடு வீடாக விசாரித்து, தாய் தந்தையரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த 573 பிள்ளைகளைக் கண்டறிந்தனர். அறப்பணி என்பது பணம் சேர்ப்பதற்கு முன் எண்ணிக்கை எடுப்பது என்பதை இந்த அலைச்சல் காட்டியது. அந்தக் கோடையில் அமைப்பு ஏற்பாடு செய்த கடற்கரை முகாமில் ஒரு சிறுவன் கறுப்பு வண்ணத்தில் வானவில் வரைந்தான். கல்விக்கடன் எதுவும் அப்படத்துக்கு மறுமொழியாகாது என்பதைப் பொறுப்பாளர்கள் உணர்ந்ததன் விளைவாக, 1999 ஜனவரியில் கோபேயின் ஹிகஷினதா வட்டாரத்தில் நன்கொடைகளைக் கொண்டு 'வானவில் வீடு' எழுந்தது.

அது அநாதை இல்லம் அன்று. பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்து வந்து போகும் இடம். இறந்த தந்தையைப் பற்றிப் பேச ஓர் அறை உண்டு. பேச விரும்பாதவர் மெத்தை பதித்த 'எரிமலை அறை'யில் குத்துப்பையை அடித்துக் கத்தலாம். உடனிருக்கும் தொண்டர்கள் ஆறுதல் சொல்லவோ அறிவுரை கூறவோ கூடாது, கேட்க மட்டுமே வேண்டும் என்பது விதி. பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஒரே நிலையிலுள்ள பிறரோடு பேச வைக்கும் இம்முறை அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 1982இல் தோன்றிய டகி மையத்திலிருந்து வந்தது. தாம் பிழைத்ததே தவறு என்று எண்ணிய பிள்ளைகளுக்கும், அவர்கள் முன் அழாதிருக்கப் பழகிய தாய்மாருக்கும் அதுவரை எந்த அறக்கட்டளையும் இடம் ஒதுக்கியதில்லை. 1999இல் துருக்கியிலும் தைவானிலும் நிலம் நடுங்கியபோது கோபேப் பிள்ளைகளே தெருவில் நின்று நிதி திரட்டினார்கள். அடுத்த கோடையில் அந்நாடுகளின் பிள்ளைகள் கோபேக்கு அழைக்கப்பட்டார்கள். இதற்கு முன்னரே, 1995, 1996ஆம் ஆண்டுகளில் போலந்து நாடு கோபேப் பிள்ளைகளைக் கோடை விருந்தினராக வரவேற்றிருந்தது. சைபீரியாவில் தவித்த 765 போலந்துக் குழந்தைகளை 1920களின் தொடக்கத்தில் ஜப்பான் மீட்டு ஊர் சேர்த்ததற்கான நன்றி அது.

2011 மார்ச் 11 நடுக்கமும் ஆழிப்பேரலையும் இரு பெற்றோரையும் பறித்துக்கொண்ட பிள்ளைகள் 241 பேர். ஒருவரை இழந்தோர் ஏறத்தாழ 1,500 பேர். அஷினாகா அமைப்பு பிள்ளை ஒன்றுக்கு 20 லட்சம் யென் திருப்பித் தர வேண்டாத தொகையாக வழங்கி, செந்தாய், இஷினொமாகி, ரிகுசென்தகாதா ஆகிய ஊர்களிலும் வானவில் வீடுகள் அமைத்தது. கட்டடக் கலைஞர் அந்தோ ததாவோ, கோபேயில் தாம் தொடங்கியிருந்த நிதியை முன்மாதிரியாகக் கொண்டு, ஆண்டுக்கு 10,000 யென் வீதம் பத்து ஆண்டுகள் தர ஒப்புவோரைத் திரட்டினார். பேரிடர்ப் பணம் முதல் ஆண்டில் குவிந்து மூன்றாம் ஆண்டில் வற்றிவிடும், பிள்ளையோ பதினெட்டு வயது வரை வளர்கிறது என்ற நடைமுறை அறிவு அத்திட்டத்தில் இருந்தது.

இரு பெற்றோரையும் இழந்தவர்களை இம்முறை இல்லங்கள் பெரும்பாலும் ஏற்க நேரவில்லை. பாட்டன் பாட்டியரும், மாமன், சிற்றப்பன், அத்தை, சித்திமாரும் அழைத்துச் சென்றுவிட்டார்கள். வளர்ப்புப் பெற்றோருக்கு அரசு தரும் மாதப்படி, வளர்க்கும் கடமை உறவினருக்கு இயல்பாகவே உண்டு என்ற எண்ணத்தால் அதுவரை அவர்களுக்கு முழுமையாகக் கிடைத்ததில்லை. 2011 செப்டம்பரில் நலத்துறை அமைச்சகம் விதியைத் திருத்தி, பெற்றோரின் உடன்பிறந்தாரும் பிற வளர்ப்புப் பெற்றோரைப் போலவே அந்தப் படியைப் பெறலாம் என்று அறிவித்தது.