ஐந்து சில்லுகளும் ஒரு யுத்தமும்



மோட்டார் வண்டியின் நான்கு சில்லுகளும் ஒரே தெருவில்தான் ஓடுகின்றன. ஆயினும் அவற்றின் ரயர்கள் ஒருபடித்தாகத் தேய்வதில்லை. யுத்தகாலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் பின் சில்லுகளே வண்டியை உந்தின. ஆதலின் அவற்றின் ரயர்கள் விரைவில் மெலிந்தன. திரும்பும் வேலையைச் செய்த முன் சில்லுகளின் ரயர்களோ ஓரங்களில் தேய்ந்தன. குறித்த தூரம் ஓடியபின் அவற்றை இடம் மாற்றிப் பூட்டினால் எல்லாம் நெடுநாள் உழைக்கும். இச்சிறு வேலை ஒருகாலத்தில் ஒரு வல்லரசின் குடிமக்களுக்கு நாட்டுக் கடமையாயிற்று.

1941 திசெம்பர் 7 ஆம் நாள் யப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. நான்கே நாட்களில் அமெரிக்க அரசாங்கம் புதிய ரயர் விற்பனையை நிறுத்தியது. 1942 சனவரியில் பங்கீடு தொடங்கிற்று. சீனிக்கும் இறைச்சிக்கும் முன்னரே ரயர் பங்கீட்டுக்கு வந்தமை நோக்கத்தக்கது. மலாயாவும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமாக, உலக இயற்கை இறப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நேச நாடுகளுக்குக் கிட்டாமற் போயிற்று. எஞ்சிய பெரிய மூலம் நம் இலங்கையே. மரங்களின் எதிர்காலத்தையும் கருதாது இங்கே மிகையாகப் பால் வெட்டினார்கள். அமெரிக்கத் தெருக்களில் ஓடிய சில்லுகளைப் பேசும் நூல்கள் அந்தப் பால் வெட்டிய தொழிலாளரை அதிகம் பேசுவதில்லை.

1942 யூனில் சனாதிபதி ரூஸ்வெல்ட் பழைய இறப்பரைக் கேட்டார். தண்ணீர்க் குழாய்களும் மழையங்கிகளும் சப்பாத்துகளும் பெற்றோல் நிலையங்களில் குவிந்தன; இறாத்தலுக்கு ஒரு சதம் கொடுத்தார்கள். செப்டெம்பரில் பாரூக் குழுவின் அறிக்கை வந்தது. அதன்பின் நாடெங்கும் மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓடலாகாதென விதித்தனர். திசெம்பர் 1 முதல் பெற்றோலுக்கும் நாடளாவிய பங்கீடு வந்தது. அந்நாட்டின் பெரும்பகுதியில் பெற்றோலுக்குக் குறைவில்லை. மக்கள் குறைவாக ஓடினால் ரயர் தேயாது; நோக்கம் அதுவே!

ஒரு வண்டிக்கு ஐந்து ரயர்களுக்கு மேல் வைத்திருத்தலும் ஆகாது. ஆகவே பெட்டியில் சும்மா கிடந்த ஐந்தாவது சில்லும் சுற்றில் சேர்ந்தது. அது முறைக்கு வந்து பூட்டப்பட, மற்றவற்றுள் ஒன்று ஓய்வெடுத்தது. ரயர்களைக் காலத்துக்குக் காலம் சோதித்துப் பதியவும் வேண்டியிருந்தது.

யுத்த முடிவுக்குள் செயற்கை இறப்பர் ஆலைகள் தட்டுப்பாட்டைப் பெரிதும் தணித்தன, பின்னர் பங்கீடும் நீங்கிற்று. சில்லு மாற்றும் வழக்கமோ நின்றது. இக்கால வண்டிகள் பலவற்றில் உந்துவதும் திருப்புவதும் முன் சில்லுகளே ஆதலின், இப்போது முதலில் தேய்பவை முன் ரயர்கள்.