இடைவேளை எனும் உரிமை: கணினிப் பணியும் உடல்நலமும்

கணினிப் பணியால் வரும் கழுத்துவலி, தோள்வலி, கண் எரிச்சல் ஆகியவற்றுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அமரும் முறையைப் பற்றியவை. முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தைத் தாண்டக் கூடாது. இவை பயனற்றவை அல்ல. ஆனால் உட்காரும் விதத்தைவிட, இடைவிடாமல் உட்கார்ந்திருப்பதே பெரிய கேடு என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. இதை ஏற்றால் பொறுப்பு கைமாறுகிறது. எப்படி அமர்வது என்பதை ஊழியர் தீர்மானிக்கலாம். எப்போது எழுவது என்பதைப் பெரும்பாலும் நிறுவனமே தீர்மானிக்கிறது. எனவே இடைவேளையைச் சட்டம் உறுதிசெய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. எழுத்தர் நோய்

தொழில்நோய் மருத்துவத்தின் முன்னோடியான இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமாட்சினி, 1700இல் தாம் வெளியிட்ட நூலை 1713இல் விரிவுபடுத்தியபோது எழுத்தர்களின் நோய்களையும் சேர்த்துக்கொண்டார். அவற்றுக்கு அவர் கண்ட காரணங்கள் மூன்று: ஓயாத அமர்வு, கை ஒரே திசையில் ஓயாமல் அசைவது, கணக்கில் பிழை வந்துவிடக் கூடாதே என்று மனம் கொள்ளும் இறுக்கம். மூன்றிலும் அவர் சுட்டுவது தொடர்ச்சியை. இறகுப் பேனாவின் இடத்தில் விசைப்பலகையும் மவுஸும் வந்துவிட்டன. காரணங்கள் அப்படியே நிற்கின்றன.

2. தசையும் கண்ணும்

இந்தத் தொடர்ச்சி தசையில் நிகழ்த்தும் பாதிப்பை விளக்க ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் ஹேக் 1991இல் முன்வைத்த கருதுகோள் 'சிண்டரெல்லா கருதுகோள்' எனப்படுகிறது. ஒரு தசை லேசாக இயங்கத் தொடங்கும்போது சில சிறிய இழைகளே முதலில் வேலைக்கு வருகின்றன. தசை முழுதாகத் தளரும்வரை அவற்றுக்கு விடுப்பு இல்லை. எல்லோருக்கும் முன்னே எழுந்து கடைசியில் உறங்கப்போகும் அந்தக் கதைப்பெண்ணின் பெயர் அதனால்தான் வந்தது. மவுஸைப் பிடித்திருக்கும் கைக்குத் தேவையான விசை மிகக் குறைவு. ஆயினும் தோள்பட்டையின் அதே இழைகள் மணிக்கணக்கில் ஓய்வின்றி இயங்கக்கூடும். அமர்வு எவ்வளவு சரியாக இருந்தாலும் அது சுமையைக் குறைக்கும். அந்த இழைகளுக்கு ஓய்வு தராது. மனஅழுத்தமும் இத்தசைகளைத் தளரவிடுவதில்லை என்பதால், ராமாட்சினியின் மூன்றாவது காரணமும் இங்கே வந்து சேர்கிறது.

கண்ணின் நிலையும் இதுவே. ஜப்பானிய மருத்துவர்கள் சுபோத்தாவும் நாகமோரியும் 1993இல் வெளியிட்ட அளவீட்டின்படி, அலுவலக ஊழியர்கள் ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைத்தனர். புத்தகம் வாசிக்கையில் 10 முறை. திரையைப் பார்க்கையில் 7 முறை மட்டுமே. இமைப்பு குறைந்தால் கண்ணீர்ப் படலம் உலர்கிறது; எரிச்சல் தொடங்குகிறது. நீலஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் இதற்கு மருந்தாக விற்கப்படுகின்றன. ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பாய்வு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிடுகையில் அவை குறுகிய காலத்தில் கண்சோர்வைக் குறைப்பதாகக் காணவில்லை. விலை கொடுத்து வாங்கும் பொருளால் ஆகாததை, திரையிலிருந்து பார்வையை விலக்கும் சில நொடிகள் செய்யக்கூடும்.

3. இடைவேளையும் உற்பத்தியும்

இடைவேளை கூடினால் வேலை குறையும் என்பதே நிறுவனங்கள் வழக்கமாக எழுப்பும் மறுப்பு. அமெரிக்க வரித்துறையின் டேட்டா என்ட்ரி ஊழியர்களிடம் கலின்ஸ்கி குழுவினர் நடத்தி 2000இல் வெளியிட்ட கள ஆய்வு இதற்கு நேர்விடை தருகிறது. வழக்கமான இரண்டு 15 நிமிட இடைவேளைகளோடு, இடைவேளையே இல்லாத மணிநேரங்களுக்கு 5 நிமிடம் வீதம் நாளொன்றுக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தரப்பட்டது. உடல் அசௌகரியமும் கண்சோர்வும் குறைந்தன. வேலை நேரம் 20 நிமிடம் குறைந்தும், முடித்த வேலையின் அளவு குறையவில்லை. அதே குழுவின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்யச் சொல்லப்பட்டவர்கள் பாதிக்கும் குறைவான இடைவேளைகளிலேயே அதைச் செய்தனர். இருந்தும் கூடுதல் இடைவேளை பலன் தந்தது. அறிவுரை பின்பற்றப்படாமல் போகலாம்; பணி அட்டவணையில் இடம்பெற்ற ஓய்வு எல்லோருக்கும் கிடைக்கிறது.

கருவிகளுக்கும் பங்கு உண்டு. முன்கையைத் தாங்கும் பலகையை மாற்று வடிவ மவுஸோடு சேர்த்துப் பயன்படுத்தினால் கழுத்து, தோள் கோளாறுகள் குறையக்கூடும் என்று 2018ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு கூறுகிறது. ஆனால் மற்றக் கருவிகளுக்குச் சான்று ஒருமுகமாக இல்லை. நல்ல நாற்காலி வாங்கித் தந்ததோடு கடமை முடிந்தது என்று ஒரு நிறுவனம் கருத இடமில்லை.

4. சட்டத்தின் இடம்

ஐரோப்பியச் சமூகம் 1990இல் பிறப்பித்த 90/270 எண் ஆணை, ஓய்வு நிறுவனத்தின் பொறுப்பு என்பதைத் தெளிவாக உணர்ந்திருந்தது. திரைப் பணி இடைவேளைகளாலோ வேலை மாற்றத்தாலோ அவ்வப்போது தடைபடும்படி நாளைத் திட்டமிடுவது முதலாளியின் கடமை என்று அதன் 7ஆம் பிரிவு விதிக்கிறது. 9ஆம் பிரிவு கண்பரிசோதனையை ஊழியரின் உரிமையாக்குகிறது. பிரிட்டன் 1992இல் இதையொட்டித் தன் விதிகளை இயற்றியது.

தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 4 மணி நேர வேலைக்குப் பின் 1 மணி நேர ஓய்வு என்ற அளவுகோலைக் கொண்டது. பசியும் பொதுவான களைப்பும் அதற்கு அடிப்படை. ஒரு மணி நேரத்துக்குள் சோரும் கண்ணும் தோளும் அக்கணக்கில் வரவில்லை. ஆனால் அதே சட்டத்தில் 2021இல் ஒரு முக்கியமான திருத்தம் வந்தது. நாள் முழுக்க நின்றே வேலை செய்த துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களை மனத்தில் கொண்டு, இருக்கை வசதியைக் கட்டாயமாக்கும் 22-அ பிரிவு சேர்க்கப்பட்டது. உடல் ஒரே நிலையில் கட்டுண்டு கிடப்பது தீங்கு, அதை நீக்குவது முதலாளியின் கடமை என்ற கொள்கையைச் சட்டமன்றம் அதன்மூலம் ஏற்றுக்கொண்டுவிட்டது. விற்பனைப் பெண்ணுக்கு உட்காரும் உரிமையைத் தந்த அந்தக் கொள்கை, கால் சென்டர் ஊழியருக்கு எழுந்து நிற்கும் உரிமையையும் தர வேண்டும்.

5. முடிவுரை

சட்டம் செய்ய வேண்டியவை மூன்று. ஒவ்வொரு மணி நேரத்திலும் திரையை விட்டு விலகும் குறுகிய ஓய்வை உறுதிசெய்ய வேண்டும். அந்த நிமிடங்களை வேலை நேரமாகவே கணக்கிட்டு, லாகின் நேரத்திலும் டார்கெட்டிலும் பிடித்தம் செய்வதைத் தடுக்க வேண்டும். கண்பரிசோதனைச் செலவை நிறுவனத்தின் பொறுப்பாக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் இவை பொருந்த வேண்டும். அங்கே பணிநாளுக்கு விளிம்பே மங்கிவிடுகிறது. இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு தேவையில்லை. நிமிர்ந்து உட்காரும்படி ஊழியரிடம் சொல்வதற்கு முன், எழுந்துகொள்ள அவருக்கு நேரம் தரப்பட்டிருக்கிறதா என்று நிறுவனத்தைக் கேட்க வேண்டும்.