பனிமலை வாத்தியார்கள் (7): ராய் வில்லாவின் முதல் வகுப்பு

டென்சிங்கையும் அவருடைய தோழர்களையும் சுவிட்சர்லாந்தின் ரோசன்லாய் பனியாற்றங்கரையில் சென்ற வாரம் நிறுத்திவிட்டு வந்தோம். ஆண்டு 1954. எவரெஸ்ட் உச்சியை மிதித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த மனிதருக்கே மலையேற்றம் சொல்லித்தர ஒரு வாத்தியாரா?

சொல்லித்தந்தார், ஆர்னால்டு கிளாட்ஹார்டு. கூட வந்தவர்களும் லேசுப்பட்டவர்களா என்ன! ஆங் தார்கே, 1950 இல் அன்னபூர்ணா ஏறிய பிரெஞ்சுக் குழுவின் சர்தார், அதாவது ஷெர்பாக்களின் தலைவர். உச்சிக்கு வரும்படி குழுத் தலைவர் எர்சோக் அழைத்தும், கால் விறைக்கிறது என்று மறுத்துத் திரும்பியவர். டா நம்கியால், 1953 இல் குழுத் தலைவர் ஜான் ஹன்டுடன் எவரெஸ்டின் தென்கிழக்கு முகடுவரை சுமை ஏற்றியவர். டென்சிங்கின் தமக்கை மகன் நவாங் கோம்புவும் இருந்தார்.

பனியில் படி வெட்டுவதில் இவர்கள் எவருக்கும் சளைத்தவர்களில்லை. ஆனால் உடம்புக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லித்தருவது தனி வித்தை. சறுக்கி விழுந்தால் கோடரி முனையைப் பனியில் ஊன்றி நெஞ்சால் எப்படி அழுத்துவது, கயிற்றில் பின்னால் வருபவன் விழுந்தால் முன்னால் நிற்பவன் எப்படித் தாங்குவது, எந்த இடத்துக்கு எந்த முடிச்சு? ஒவ்வொன்றையும் துண்டு துண்டாகப் பிரித்து, புதியவன் கண்ணெதிரே நிதானமாகச் செய்துகாட்ட வேண்டும். ரோசன்லாயில் பழகியது அதைத்தான்.

இலங்கை மலையகத்தின் வட்டகொடையில் கொழுந்தெடுக்கும் கைகளுக்கும் எவ்வளவோ தெரியும். அந்தக் கைகளுக்குரியவரை யாராவது ஆசிரியர் என்று அழைத்ததுண்டா? டார்ஜிலிங்கும் தேயிலை மலைதான். அங்கே வெள்ளைக்காரர்களின் மூட்டையைச் சுமந்து கூலி வாங்கிய ஷெர்பாக்களுக்கு அரசாங்கமே பயிற்றுநர் பதவி கொடுத்தது. இந்தத் தொடரை எழுத என்னைத் தூண்டியதே அந்தச் செய்திதான். டென்சிங்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அங்கே தொடங்கிய பயிற்சி நிலையத்துக்கு அவர்தான் களப்பயிற்சி இயக்குநர்!

1954 நவம்பர் 4 அன்று டார்ஜிலிங்கில் அந்த இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையத்தை நேரு தொடங்கிவைத்தார். வகுப்புகள் நடந்தது லெபாங் சாலையின் ராய் வில்லாவில். பாரதி குருவாக வணங்கிய நிவேதிதை 1911 இல் கண்மூடியது அந்த வீட்டில்தான்.

இன்று அந்த நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி 28 நாள். அதில் 'ஏ' தரம் வாங்கினால்தான் உயர்நிலைப் பயிற்சி. அதிலும் 'ஏ' வாங்கியவருக்கே பயிற்றுநர் பயிற்சி. 2016 மே 21 அன்று எவரெஸ்ட் ஏறிய முதல் இலங்கையரான ஜெயந்தி குரு உதும்பாலவும் மலையேற்றம் படித்தது அங்கேதான்.

நிலையத்தின் முதல் முதல்வர் மேஜர் நரேந்திர தர் ஜயால். உயரத்தில் அவசரம் ஆகாது, காற்று மெலிந்த இடத்துக்கு உடம்பைப் படிப்படியாகப் பழக்க வேண்டும் என்பது மலையேறுபவர் எவருக்கும் பால பாடம். 1958 இல் ஓர் இந்தியக் குழு சோ ஓயு சிகரத்துக்குப் புறப்பட்டது. ஜயால் தாமதமாகத்தான் சேர முடிந்தது. மற்றவர்கள் முன்னே போய்விட்டிருந்தார்கள். எட்டிப் பிடிக்க நடையைக் கூட்டினார்.

ஏப்ரல் கடைசி வாரம். முதல் முகாமில் அவருடைய மூச்சு தடுமாறத் தொடங்கியது.

(தொடரும்)